எல்லைக்கோடுகளின் கதை – 17: சாலை யாருக்குச் சொந்தம்?

1662-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் ஏழைகள் தொடர்பாக ஒரு சட்டம் போட்டது. அந்நாளில் ஏழைக்குக் கஞ்சி ஊற்றும் பொறுப்பு பாரிஷ் எனப்படும் திருச்சபை ஊர்களுடையது. அதற்கான வரியை அந்தந்த ஊர்க்காரர்கள்தான் கட்டினார்கள். வெளியூரான் ஒருவன் பிழைக்க வந்து, நாளைக்கு நோயில் படுத்துவிட்டால் அவனுக்கும் சேர்த்துப் படியளக்க வேண்டிவருமே என்பது அவர்கள் கவலை. ஆகவே, ஆண்டு வாடகை 10 பவுண்டுக்குக் குறைவான வீட்டில் குடிவருகிற எவனையும், அவன் வந்த 40 நாட்களுக்குள் புகார் எழுந்தால், பழைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம் என்றது சட்டம். அவன் யாரிடமும் கையேந்தியிருக்க வேண்டியதில்லை. ஏந்தக்கூடும் என்ற சந்தேகமே போதும்.

மணமாகாத கர்ப்பிணிகள் பட்ட பாடு இன்னும் கொடியது. அப்படிப்பட்ட பெண்ணின் பிள்ளை எந்த ஊரில் பிறக்கிறதோ, அந்த ஊரின் தலையில் அதன் பொறுப்பு விழும். அதனால் மாதம் நெருங்கிய பெண்களை அவசர அவசரமாக ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள் பாரிஷ் அதிகாரிகள். பிரசவ வேதனையை அடுத்த ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு.

இந்தச் சட்டத்தைத்தான் 1776-இல் வெளியான 'நாடுகளின் செல்வம்' நூலில் ஆடம் ஸ்மித் பிடிபிடியென்று பிடித்தார். எந்தக் குற்றமும் செய்யாத மனிதனை அவன் வாழ விரும்பிய ஊரிலிருந்து கிளப்புவது இயற்கை நீதிக்கே எதிரானது என்றார். ஏழை ஒருவன் ஒரு கடலையோ மலைத்தொடரையோ கடந்துவிடலாம், பாரிஷ் போட்டுவைத்த செயற்கைக் கோட்டைக் கடப்பதுதான் கடினம் என்பது அவர் முறையீடு. 1795-இல் சட்டம் திருத்தப்பட்டது. உண்மையிலேயே உதவி கேட்டு வந்தால்தான் திருப்பி அனுப்பலாம், வெறும் சந்தேகத்தின் பேரில் முடியாது என்று ஆயிற்று.

அமெரிக்காவின் 1924 ஒதுக்கீட்டுச் சட்டத்தையும் செயின்ட் லூயிஸ் கப்பலையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்துவிட்டு, இப்போது 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குத் திரும்பக் காரணம் இருக்கிறது. அரசின் கையை எவ்வளவுக்கெவ்வளவு சுருக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று நம்புகிற ஒரு கூட்டம் உண்டு. ஆங்கிலத்தில் லிபர்டேரியன்கள், நாம் சுதந்திரவாதிகள் என்போம். என் உடல் எனது, என் உழைப்பு எனது, என் சொத்து எனது, மனமொத்த இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் மூன்றாமவனுக்கு வேலையில்லை: இதுதான் அவர்களுடைய அடிப்படை. டெக்சாஸ் தோட்டக்காரர் மெக்சிகோக்காரரை வேலைக்கு அழைத்தால் அது அவர்கள் இருவர் பாடு. இந்தக் கொள்கையிலிருந்து திறந்த எல்லைக்கு ஒரே எட்டுதான். ஆனால் அந்த ஓர் எட்டில்தான் அவர்கள் இரண்டாக உடைந்தார்கள். நூறாண்டாக நீளும் அந்தச் சண்டைதான் இந்த அத்தியாயம்.

லுட்விக் ஃபான் மீசஸிலிருந்து தொடங்க வேண்டும். 1881-இல் ஆஸ்திரியப் பேரரசின் லெம்பெர்க் நகரில் (இன்று உக்ரைனின் லிவிவ்) பிறந்த யூதர், பொருளாதார அறிஞர். 1927-இல் ஜெர்மன் மொழியில் அவர் வெளியிட்ட 'லிபரலிஸ்முஸ்' நூலில் இடம்பெயர்வுச் சுதந்திரத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. உழைப்பு எங்கே அதிகப் பலன் தருமோ அங்கே மனிதர்கள் போகட்டும், உலகம் முழுவதற்கும் அதனால் லாபம். தடுப்புச் சுவரால் உள்ளூர்த் தொழிலாளர் கூலி மட்டும் உயரும், மற்றவர் எல்லாரும் ஏழையாவார்கள் என்பது அவருடைய வாதம். அதோடு நிறுத்தியிருந்தால் பின்னால் வந்தவர்களுக்குச் சிக்கலே இருந்திருக்காது. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் அச்சத்தையும் அவர் எடுத்துப் பேசினார். வருகிறவர்கள் பெரும்பான்மை ஆகிவிட்டால், பழைய குடிகள் தங்கள் மண்ணிலேயே சிறுபான்மை ஆவார்கள். பள்ளி, ரயில், வரி, வேலை எல்லாவற்றிலும் தலையிடுகிற அரசு அந்தப் புதிய பெரும்பான்மையின் கையில் சிக்கினால் சிறுபான்மையின் கதி என்ன? பல மொழிகள் முட்டி மோதிய ஆஸ்திரியாவில் வளர்ந்தவருக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. அரசு ஒதுங்கி நின்றால் அச்சத்துக்கு வேலையில்லை, எல்லாவற்றிலும் தலையிடும் அரசு இருக்கும்வரை இதற்குத் தீர்வும் இல்லை என்று முடித்தார். பிற்காலத்தில் இரு தரப்பும் மீசஸைத் தங்கள் ஆளாகக் காட்ட முடிந்தது இதனால்தான்.

1938 மார்ச்சில் நாஜிகள் வியன்னாவுக்குள் நுழைந்ததும் அவருடைய வீட்டில் புகுந்து நூல்களையும் காகிதங்களையும் அள்ளிச் சென்றார்கள். அவர் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஜெனீவாவுக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார். 1940 ஜூலையில், பிரான்ஸ் வீழ்ந்த பிறகு, ஜெனீவாவும் பத்திரமில்லை என்று மனைவி மார்கிட்டோடு பேருந்து ஏறினார். ஜெர்மன் படைகள் நிற்கும் சாலைகளைத் தவிர்ப்பதற்காக ஓட்டுநர் வழியை மாற்றி மாற்றி ஓட்ட, பிரான்சைக் கடந்து ஸ்பெயின், அங்கிருந்து போர்ச்சுகல், பிறகு கப்பல். ஆகஸ்டில் நியூயார்க்கில் இறங்கியபோது அவருக்கு வயது 58. அள்ளிச் செல்லப்பட்ட காகிதங்கள் மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் இருப்பது 1990-களில்தான் வெளியே தெரிந்தது.

மீசஸின் மாணவர் வட்டத்தில் வந்த பொருளாதார அறிஞர் ஹாயக், 1931-இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்து 1938-இல் பிரிட்டிஷ் குடிமகன் ஆனவர். வேற்றுக் கலாச்சாரத்தினரால் மூழ்கடிக்கப்படுவோமோ என்று மக்கள் அஞ்சுகிறார்கள் என 1978 ஜனவரியில் மார்கரெட் தாட்சர் தொலைக்காட்சியில் பேசிச் சர்ச்சையில் சிக்கியபோது, ஹாயக் அடுத்த மாதமே 'தி டைம்ஸ்' நாளிதழில் அவருக்கு ஆதரவாக எழுதினார்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் சொன்னதுதான் அதிகம் பரவியது. அவருடைய பெற்றோர் அன்றைய ஹங்கேரியின் பெரெஹோவே ஊரிலிருந்து பதின்பருவத்தில் அமெரிக்கா வந்தவர்கள். 1980-இல் ஒளிபரப்பான தன் தொலைக்காட்சித் தொடரில், நியூயார்க் சைனாடவுனில் தையல் இயந்திரங்கள் கடகடக்கும் ஒரு நெரிசலான ஆடைப் பட்டறைக்குள் நின்றுகொண்டு பேசுவார். குறைந்த கூலி, நீண்ட நேரம், புழுக்கம். தன் தாய் 14 வயதில் வந்து இப்படியொரு பட்டறையில்தான் தைத்தார், அந்தப் பட்டறை இல்லாவிட்டால் தன் குடும்பத்துக்கு அமெரிக்காவே இல்லை என்பது அவர் சொல்லவந்த செய்தி. ஆனால் அதே ஃப்ரீட்மன், 1977-இல் சிகாகோவில் ஆற்றிய உரையில் வேறு கணக்கும் போட்டிருந்தார். வேலைக்காக யாரும் வரலாம் என்பது ஒன்று, அரசு உதவித்தொகைக்காக யாரும் வரலாம் என்பது வேறு. மக்கள் நல அரசும் தடையில்லாக் குடியேற்றமும் சேர்ந்திருக்க முடியாது. 1914-க்கு முன் வந்தவர்களுக்கு உழைப்பைத் தவிர வேறு எதுவும் காத்திருக்கவில்லை, அதனால் அது எல்லாருக்கும் நல்லதாக இருந்தது.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு விசித்திரமானது. மெக்சிகோவிலிருந்து சட்டவிரோதமாக வருகிறவர் உதவித்தொகை கேட்க முடியாது, உழைக்க மட்டுமே முடியும். ஆகவே சட்டவிரோதமாக இருக்கும்வரை அந்த வருகை அவருக்கும் நாட்டுக்கும் நன்மை என்றார். எனக்கு இது ஒருபோதும் ஒப்பவில்லை. கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டால் நீதிமன்றம் போக முடியாதவர், அடித்தாலும் போலீசிடம் போக முடியாதவர் செய்துகொள்வது எப்படிச் சுதந்திரமான ஒப்பந்தம் ஆகும்? ஒப்பந்தத்தையே தெய்வமாக வைத்த ஒரு கொள்கையின் பெரிய மனிதர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருக்கக் கூடாது.

1980-களின் நடுவில் திறந்த எல்லைக் கட்சிக்கு நல்ல காலம். 1984 ஜூலை 3-ஆம் தேதித் தலையங்கத்தில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்', எல்லைகள் திறந்திருக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே ஐந்து சொல்லில் ஒரு திருத்தம் சேர்க்கலாம் என்று எழுதியது. வாஷிங்டனில் நடந்ததோ வேறு. 1986 நவம்பரில் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ நிலை தந்தது. கூடவே ஐ-9 என்ற படிவத்தையும் கொண்டுவந்தது. அன்றுமுதல் அமெரிக்காவில் எந்த வேலையில் சேர்ந்தாலும், அங்கேயே பிறந்து வளர்ந்த குடிமகனாக இருந்தாலும், இந்த நாட்டில் வேலை செய்யத் தனக்கு உரிமை உண்டு என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வேலைநாட்களுக்குள் பாஸ்போர்ட்டையோ, ஓட்டுநர் உரிமத்தோடு சமூகப் பாதுகாப்பு அட்டையையோ முதலாளி வாங்கிப் பார்க்க வேண்டும். உணவகத்தில் தட்டுக் கழுவச் சேரும் 17 வயதுப் பையனும் இதைத் தாண்டித்தான் போகிறான். அந்நியரைத் தடுக்க வந்த காகிதம் சொந்தக் குடிமக்கள் ஒவ்வொருவரின் கைக்கும் வந்து சேர்ந்தது.

இனி பிளவு. 1977-இல் கேட்டோ என்ற சுதந்திரவாத ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனர்களில் ஒருவர் மரே ராத்பார்ட். மீசஸின் நியூயார்க் சீடர்களில் மிகத் தீவிரமானவர், அரசே வேண்டாம் என்றவர். 1981-இல் அவர் வெளியேற்றப்பட்டார். 1982-இல் அலபாமாவின் ஆபர்ன் நகரில் லூ ராக்வெல் தொடங்கிய மீசஸ் நிறுவனம் அவருடைய புது வீடாயிற்று. கேட்டோ வாஷிங்டனில் நின்று திறந்த எல்லைக்கு வாதாடியது. ராத்பார்டும் தொடக்கத்தில் அந்தப் பக்கம்தான். ஆனால் 1992 தேர்தலில் குடியேற்றத்தை எதிர்த்துக் குரல் கொடுத்த பாட் புக்கனனோடு கைகோத்தார். 1994-இல், ஆவணமில்லாக் குடியேறிகளுக்குப் பள்ளியையும் மருத்துவத்தையும் மறுக்கும் தீர்மானம் 187-ஐ கலிபோர்னியா வாக்காளர்கள் 59 சதவீத ஆதரவோடு நிறைவேற்றிய அதே ஆண்டில், தன் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டதாக எழுதினார். அவர் காட்டிய உதாரணம் எஸ்டோனியாவும் லாத்வியாவும். அந்த மக்களின் மொழியையும் கலாச்சாரத்தையும் அழிக்க ஸ்டாலின் காலம் தொட்டு ரஷ்யர்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். முழுக்க முழுக்கத் தனியார் சொத்தாக உள்ள நாட்டில் ஒவ்வோர் அங்குல நிலத்துக்கும் உடைமையாளர் இருப்பார், அவர் அழைக்காமல் யாரும் நுழைய முடியாது. ஆகவே திறந்த எல்லை என்பது சுதந்திரமே அல்ல, அரசு திணிப்பது என்றார். சில மாதங்களில், 1995 ஜனவரியில் காலமானார்.

அவர் விட்ட இடத்தில் தொடங்கினார் ஹான்ஸ்-ஹெர்மன் ஹாப்பே. ஜெர்மனியிலிருந்து ராத்பார்டைத் தேடி வந்து, பிறகு லாஸ் வேகாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1998-இல் 'ஜர்னல் ஆஃப் லிபர்டேரியன் ஸ்டடீஸ்' குடியேற்றத்துக்கென்றே ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. ஹாப்பேயும் அவருடைய எதிர்வாதியான வால்டர் பிளாக்கும் அதில் நேருக்கு நேர் நின்றார்கள். மனிதர்களே மிகப் பெரிய வளம் என்று வாழ்நாளெல்லாம் சொன்ன ஜூலியன் சைமனின் கட்டுரை, அவர் அந்த பிப்ரவரியில் இறந்தபின் அச்சேறியது. 1972-இல் லிபர்டேரியன் கட்சியின் முதல் அதிபர் வேட்பாளராக நின்ற தத்துவப் பேராசிரியர் ஜான் ஹாஸ்பர்ஸ், திறந்த எல்லைக்கு எதிராக எழுதியிருந்தார். கட்சியின் முதல் முகமே எதிர்ப்பக்கம் போய்விட்டது என்பது பலருக்கு அதிர்ச்சி.

ஹாப்பேயின் வாதத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சரக்கு தானாக நடந்து வராது, அதை யாரோ ஒருவர் விலை கொடுத்து வரவழைக்கிறார். எனவே சுதந்திர வர்த்தகம் என்பது எப்போதும் அழைக்கப்பட்ட வருகை. மனிதனோ யாரும் அழைக்காமலேயே வருவான், பொதுச் சாலையில் நடப்பான், பொதுப் பூங்காவில் படுப்பான். அந்தச் சாலையும் பூங்காவும் யாருடையவை? வரி கட்டியவர்களுடையவை. அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் எவரும் மாடிப்படி ஏற முடியாதல்லவா? அதுபோல, சொத்தின் காவலனான அரசு, உரிமையாளர்கள் விரும்பும் ஆளை மட்டுமே உள்ளே விட வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவர் அழைத்து, பொறுப்பும் ஏற்றால் வரலாம். இல்லாவிட்டால் அது கட்டாயக் கலப்பு.

பிளாக் வேறு முனையிலிருந்து பிடித்தார். அரசு தன்னுடையது என்று கோடு போட்டு வைத்திருக்கும் நிலத்தில் பெரும்பகுதியை யாரும் உழுததில்லை, வேலி போட்டதில்லை. சுதந்திரவாதக் கணக்கில் அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம். முதலில் போய் உழைக்கிறவனுடையது. அங்கே போய்க் குடியேறுகிற மெக்சிகோக்காரர் யாருடைய சொத்தைத் தொட்டார்? ஹாப்பே பாடம் நடத்திய நெவாடா மாநிலத்தில் ஏறத்தாழ 80 சதவீத நிலம் மத்திய அரசின் கையில்தான் இருக்கிறது.

எனக்குத் தீர்ப்பு சொல்ல இவர்களுடைய ஏடுகளைவிடக் கலிபோர்னியாவின் பழைய கதை ஒன்று உதவுகிறது. 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ், தன் நகரத்திலிருந்து 136 காவலர்களை அரிசோனா, நெவாடா, ஒரிகன் எல்லைகளுக்கு அனுப்பிவைத்தார். பஞ்சத்திலும் புழுதிப் புயலிலும் நிலமிழந்து ஓக்லஹோமா, டெக்சாஸ் பக்கமிருந்து வந்த ஏழைகளைக் கார்களிலிருந்தும் சரக்கு ரயில்களிலிருந்தும் இறக்கித் திருப்பி விரட்டுவது அவர்கள் வேலை. திருப்பப்பட்டவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். எங்கள் வரிப் பணத்தில் நடக்கும் நிவாரணத்துக்கு இவர்கள் பங்குக்கு வருகிறார்கள் என்பதுதான் காரணம். பின்னர் 1939 டிசம்பரில் மேரிஸ்வில் ஊர்க்காரர் ஒருவர் டெக்சாசுக்குக் காரோட்டிப் போய், வேலையில்லாமல் இருந்த தன் மைத்துனரை அழைத்துவந்தார். கிளம்பும்போது மைத்துனரிடம் இருந்தது 20 டாலர். ஊர் வந்து சேர்வதற்குள் அதுவும் தீர்ந்துபோயிற்று. ஏழையைத் தெரிந்தே மாநிலத்துக்குள் கொண்டுவந்த குற்றத்துக்காக அந்த மனிதருக்கு ஆறு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தார்கள். 1941 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தக் கலிபோர்னியச் சட்டத்தைத் தூக்கியெறிந்தது.

வரி கட்டியவர்தான் சாலையின் உரிமையாளர், அரசு அவர் சார்பில் ஆளைச் சலித்தெடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், போலீஸ் தலைவர் டேவிஸ் செய்ததில் என்ன தப்பு? ஹாப்பேயின் வாதம் தேச எல்லையோடு நின்றுகொள்ள எந்தக் காரணமும் அதற்குள்ளேயே இல்லை. மைத்துனரை அழைத்துவந்தவரும் வரி கட்டியவர்தான். அவருடைய பங்கு ஏன் கணக்கில் சேரவில்லை? அரசை அடியோடு வெறுத்தவர்கள், அரசுக்கு நிலக்கிழார் பட்டம் கட்டிக் கையில் சாட்டையைக் கொடுத்ததுதான் இந்த வாதத்தில் நடந்தது. நான் இதில் பிளாக் பக்கம்தான் நிற்கிறேன். மீசஸின் 1927 அச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது. எஸ்டோனியர்களின் அனுபவம் கற்பனையல்ல. ஆனால் அங்கே ஆட்களைக் குவித்தது தன் நாட்டு மக்களைச் சொந்த விருப்பப்படி வெளியேறக்கூட விடாத சோவியத் அரசு. மனிதர்கள் தாமாக வேலை தேடி வருவதும், ஒரு பேரரசு ஆட்களை நட்டுவைப்பதும் வேறு வேறு. ராத்பார்ட் அந்த வேறுபாட்டை உடைத்துப் பேசாமல் போனது அவருடைய அறிவுக்குத் தகுந்ததல்ல.

ஃப்ரீட்மனின் கவலைக்குப் பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. நாட்டைச் சுற்றி எழுப்பும் சுவரை நலத்திட்டங்களைச் சுற்றி எழுப்புங்கள் என்றார் கேட்டோவின் வில்லியம் நிஸ்கனன். 1996 ஆகஸ்டில் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம், சட்டபூர்வமாக வந்தவர்களில் பெரும்பாலோருக்கும் முதல் ஐந்தாண்டு மத்திய அரசின் உதவித் திட்டங்களில் பலவற்றை மறுத்தது. 1795-இல் ஆங்கிலேயர் வந்துசேர்ந்த இடத்தை ஒட்டிய ஏற்பாடுதான். அதன் பிறகும் தடை கேட்டவர்கள் தடையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். உதவித்தொகை ஒன்றே காரணமாக இருந்திருந்தால் சண்டை அன்றே தணிந்திருக்கும்.

21-ஆம் நூற்றாண்டில் மைக்கேல் ஹ்யூமர், பிரையன் கேப்லன், இல்யா சோமின் என்று புதிய தலைமுறை வந்தது. கேப்லன் 2019-இல் இந்த விவாதத்தைப் படக்கதையாகவே வெளியிட்டார். ஆனால் இந்தக் கேள்வியையே வேறு பக்கம் திருப்பியவர் மலேசியாவில் பிறந்த அரசியல் சிந்தனையாளர் சந்திரன் குகதாஸ். அவருடைய 'இமிக்ரேஷன் அண்ட் ஃபிரீடம்' 2021-இல் வெளிவந்தது. வருகிறவனுக்கு உரிமை உண்டா என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, ஏற்கெனவே உள்ளே இருப்பவனின் சுதந்திரம் என்ன ஆகிறது என்று அவர் கேட்டார். குடியேற்றக் கட்டுப்பாடு எல்லைச் சாவடியில் முடிவதில்லை. பெரும்பாலோர் மாணவராக, சுற்றுலாப் பயணியாக முறையாகத்தான் உள்ளே வருகிறார்கள். அதன்பின் அவர்கள் வேலை செய்கிறார்களா, எங்கே குடியிருக்கிறார்கள், யாரை மணக்கிறார்கள் என்று கண்காணிக்க வேண்டுமானால் முதலாளியை, வீட்டுக்காரரை, கல்லூரியை, மணப்பெண்ணைக் கண்காணிக்க வேண்டும்.

பிரிட்டனில் 2014 சட்டம் வீட்டுக்காரர்களையே பாஸ்போர்ட் சோதிக்க வைத்தது. கரீபியன் தீவுகளிலிருந்து சிறுவயதில் முறைப்படி வந்து, 40, 50 ஆண்டுகள் உழைத்து வரி கட்டியவர்கள் காகிதம் காட்ட முடியாமல் வேலையையும் வீட்டையும் இழந்த விண்ட்ரஷ் விவகாரம் 2018-இல் வெடித்தது. பல ஆண்டுகளாகப் பிரிட்டனையே வீடாகக் கொண்டிருந்தவர்கள் நாடு கடத்தப்பட்டிருந்தார்கள். 1930-களில் அமெரிக்கா மெக்சிகோவுக்கு விரட்டியவர்களில் ஏராளமானோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கலிபோர்னியா அதற்கு 2005-இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அந்நியன் யார் என்று கண்டுபிடிக்கப் புறப்பட்டால், அந்நியன் இல்லை என்று நிரூபிக்கும் கடமை எல்லார் தலையிலும் விழுகிறது. ஐ-9 படிவத்தைக் கேட்டோவின் பொருளாதார அட்டவணைகள் சொல்லாத அளவுக்கு குகதாஸின் நூல் புரியவைக்கிறது.

ராத்பார்டின் சீடர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் ஒரு நாட்டின் அதிபரானால் எந்தப் பக்கம் நிற்பார் என்பதற்கும் இப்போது விடை வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் அர்ஜென்டினாவின் அதிபரான ஹாவியேர் மிலே, 2025 மே மாத ஆணையில், நிரந்தர உரிமை பெறாத வெளிநாட்டவரிடம் அரசு மருத்துவமனைகள் கட்டணம் வாங்கவும், பல்கலைக்கழகங்கள் கட்டணம் விதிக்கவும் வழி செய்தார். அதுவரை ஃப்ரீட்மன். நிரந்தரமாகத் தங்க வருமானச் சான்று, குடியுரிமைக்கு இடைவெளியில்லாத இரண்டாண்டு வசிப்பு, நாடு கடத்தலில் கூடுதல் கடுமை என்று மீதி ஆணை ஹாப்பேயின் பக்கம் சாய்கிறது.

இதே அர்ஜென்டினாவின் 1853 அரசியல் சாசனம், அந்த மண்ணில் வாழ விரும்பும் உலக மக்கள் எல்லாரையும் முகவுரையிலேயே வரவேற்றது. 1914 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கென்று புவனோஸ் ஐரெஸ் துறைமுகத்தில் அரசே 1911-இல் பெரிய விடுதி ஒன்றைத் திறந்தது. ஐந்து நாள் படுக்கையும் சாப்பாடும் இலவசம், வேலை தேடித் தருவதும் அங்கேயே. வந்தவர்களுக்கு அரசு செலவழித்து, அதனாலேயே நாடு வளர்ந்த அந்தக் காலத்தை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)